என்-பாக்ஸா, டான்டோவா?

ஜப்பானில் மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஓடும் குட்டிக் கார்களுக்கு ‘கெய்’ என்று பெயர். நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி. இதைத் தாண்டினால் அது கெய் இல்லை, கெய்க்கான வரிச் சலுகையும் இல்லை. அதனால் ஹோண்டா என்-பாக்ஸ், டைஹாட்சு டான்டோ இரண்டுமே 3,395 மி.மீ. நீளம், 1,475 மி.மீ. அகலம். வெளியே இழுக்க இடமில்லை. போட்டி முழுக்க உள்ளேதான்.

டான்டோ கைவைத்தது தூணில். 2007-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து, இடப்பக்கம் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே தூண் கிடையாது. தூக்கி எறிந்துவிடவில்லை, கதவுகளுக்குள்ளேயே செருகிவிட்டார்கள். மூடியதும் தூணின் வேலையைக் கதவுகளே பார்க்கின்றன. இரண்டையும் திறந்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வாசல்! ஒரு கையில் குழந்தை, மறு கையில் குடையோடு அப்படியே நுழையலாம். ஏன் இடப்பக்கம் மட்டும்? அங்கேயும் நம்மைப் போல வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. நடைபாதை அந்தப் பக்கம்.

சரி, சிக்கல் எங்கே? சறுக்கிப் போகும் பின்கதவுக்கு இடம் தேவையில்லை. முன்கதவு வெளியே விரிய வேண்டும். நெருக்கிப் பார்க் செய்த இடத்தில் அந்தப் பெரிய வாசல் பாதியாகிவிடும்.

2011-இல் வந்த என்-பாக்ஸ் கைவைத்தது பெட்ரோல் டேங்கில். வழக்கமாகப் பின்சீட்டுப் பக்கம் இருப்பதை முன்சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். நம்மூரில் ஜாஸ் என்று விற்ற காரில் ஹோண்டா ஏற்கெனவே செய்த வேலைதான் இது. பின்னால் தரை தாழ்ந்துவிட்டது. பின்சீட்டைத் தியேட்டர் நாற்காலி மாதிரி மேலே மடக்கினால், உயரமான செடித்தொட்டி நிமிர்ந்தே நிற்கும். கீழே மடக்கினால் 27 இன்ச் சைக்கிள் டிக்கி வழியாக உள்ளே போய்விடும். பள்ளிக்குச் சைக்கிளில் போன பிள்ளை மழையில் மாட்டிக்கொண்டால், பிள்ளையையும் சைக்கிளையும் சேர்த்தே ஏற்றி வரலாம்.

சுசுகி ஸ்பேசியாவும் இதே வரிசைதான். எடை குறைவு; ஆனால் இப்படி ஒரு தந்திரம் அதில் இல்லை.

எனக்கு என்-பாக்ஸ்தான். வீட்டில் கைக்குழந்தையோ நடக்கச் சிரமப்படும் பெரியவரோ இருந்தால் டான்டோ. அதற்கு முன், பார்க்கிங்கில் இடப்பக்கச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.