மாமியார் ஊர் ஷேலா: பைப்புல தண்ணி எப்ப வரும்?

அஞ்சு வருஷம் கழிச்சு வீட்டுக்காரரோட ஊருக்கு மூணு வாரம் போயிட்டு வந்தோம். மத்திய அமெரிக்காவுல இருக்குற குவாத்தமாலா நாட்டுல கெட்சால்தெனாங்கோ, ஆனா ஊர்ல அந்தப் பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, எல்லாருக்கும் ஷேலாதான், அங்கத்த பூர்வகுடி மாயா மக்களோட பழைய பேரோட சுருக்கம். 2300 மீட்டருக்கு மேல உயரம், ஊட்டியைவிடக் கொஞ்சம் மேல, அதனால ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க.

தலைநகர்லேருந்து 200 கிலோமீட்டர்தான். நாலு மணி நேரத்துல போயிடலாம்னு கிளம்பி, வழியில மண் சரிஞ்சு ஒரு பக்கம் ரோடு அடைச்சிருந்ததால ஆறரை மணி நேரம் ஆச்சு, பசங்க அழுதே தூங்கிட்டாங்க. ஊருக்குள்ள சுத்துறது பரவால்ல, மினர்வா டெர்மினல்லேருந்து சென்ட்ரல் பார்க்குக்கு மைக்ரோபஸ் வந்துட்டே இருக்கு. வெளியூர் பஸ் எல்லாம் அமெரிக்காவுல பழசான ஸ்கூல் பஸ்தான், பளபளன்னு பெயின்ட் அடிச்சு ஓட்டுறாங்க, ரெண்டு பேர் சீட்டுல மூணு பேர்.

மருந்துக்கடை சூப்பர். சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தப்போ கடையை ஒட்டியே டாக்டர் இருந்தாரு, கால் மணி நேரத்துல பாத்து மருந்து குடுத்து அனுப்பிட்டாரு. ஆனா ரத்த டெஸ்ட் எடுத்த லேப்ல ரிசல்ட் நாளைக்கு நாளைக்குன்னு நாலு நாள் இழுத்தடிச்சாங்க, காய்ச்சலே போயிடுச்சு, ரிசல்ட் வரல.

எனக்கு மனசு தாங்காதது தண்ணி விஷயம்தான். எங்க மாமியார் தெருவுல ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ராத்திரிலதான் பைப்புல வருது. எல்லா வீட்லயும் பீலான்னு ஒரு சிமெண்ட் தொட்டி, நடுவுல தண்ணி, ரெண்டு பக்கமும் துணி துவைக்கிற கல்லு. அத ரொப்பி வெச்சாத்தான் மறுநாள் பொழப்பு. மாமியாருக்கு 71 வயசு, ரெண்டு மணிக்கு எழுந்து பைப்பைத் திறந்துட்டு உக்காந்திருக்காங்க, அந்தக் குளிர்ல.

2023ல மட்டும் வெளிநாட்டுல உழைக்கிறவங்க குவாத்தமாலாவுக்கு அனுப்புனது கிட்டத்தட்ட 2000 கோடி டாலர். பக்கத்து ஊர் சல்காஹாவுல போய்ப் பாருங்க, அந்தக் காசுல கட்டுன மாடி வீடுங்க எப்படி நிக்குதுன்னு, கண்ணாடி என்ன, தூண் என்ன. நாங்களும் மாசாமாசம் அனுப்புறோம், மேல ஒரு ரூம் கட்டிக் குடுத்தோம், ஷவர்ல கரெண்ட் ஹீட்டர் மாட்டிக் குடுத்தோம், ஆனா தெரு பைப்புக்கு நாங்க எங்க போய்க் காசு கட்டுறது? வீட்டுக்கு வீடு காசு வருது, தெருவுக்குன்னு ஒண்ணும் வரல, அது முனிசிபாலிட்டி பண்ணவேண்டிய வேலை.

கிளம்புறதுக்கு முன்னாடி மொட்டை மாடில 1100 லிட்டர் டேங்க்கும் தானா திறந்து மூடுற மிதவை வால்வும் போட்டுட்டோம். கடைசி ரெண்டு ராத்திரி மாமியார் முழுசா தூங்குனாங்க. யாராவது ஊருக்குப் பணம் அனுப்புறதா இருந்தா டிவிக்கு முன்னாடி இத வாங்கிக் குடுங்க.