999-ஐ எப்போது அழைப்பது? பிரிக்பீல்ட்ஸ் முதலுதவி வகுப்பு பற்றி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் தன்னார்வலர் குழு ஒன்று ஞாயிறு காலைகளில் தமிழில் நடத்தும் முதலுதவி வகுப்பைப் பற்றியது இந்த விமர்சனம். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுவதும் எல்லா வகுப்புகளிலும் உண்டு. இங்கே பாதி நேரத்துக்கு மேல் வேறொரு கேள்விக்கே போகிறது: வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் கிளினிக்கில் காட்டலாமா, காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடலாமா, மலேசியாவின் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்தே தீர வேண்டுமா? நம் வீடுகளில் நேரம் வீணாவது பெரும்பாலும் இந்த யோசனையில்தான் என்பதால், இந்த ஏற்பாடு மிகச் சரியானது.

நெஞ்சுவலி பற்றிய பகுதிதான் வகுப்பின் உயிர். நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை வாயு என்று முடிவுகட்டி, கோடாலித் தைலம் தேய்த்து, விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைக்கும் வழக்கத்தைப் பயிற்றுநர் தயவுதாட்சண்யமின்றிச் சாடினார். நீரிழிவு உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வையும் களைப்புமாகக்கூட மாரடைப்பு வரலாம் என்று அவர் சொன்னபோது, முன்வரிசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜாலான் துன் ரசாக் சாலை நெரிசலில் நோயாளியின் இதயம் நின்றுபோனால், காரோட்டும் மகனால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அறையில் யாரிடமும் பதில் இல்லை.

பக்கவாதத்துக்கு அடையாளம் மூன்று: முகம் ஒரு பக்கம் கோணுதல், தூக்கிய கை தாழ்ந்துபோதல், பேச்சு குழறுதல். இவற்றில் ஒன்று திடீரெனத் தென்பட்டாலும் அழைத்துவிட வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டியிருப்பதால், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அழுத்தமாகக் கற்றுத் தந்தார்கள். விரல் நுனியை ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்திக்கும் அங்கேயே முடிவு கட்டினார்கள். டெங்கியைப் பற்றிச் சில நிமிடங்கள்தான் பேசினார்கள் என்றாலும், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலியோ தொடர் வாந்தியோ இரத்தக் கசிவோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற செய்தி தவறாமல் இடம்பெற்றது.

இருவர் இருவராக 999 அழைப்பைப் பேசிப் பார்க்கும் பயிற்சி பயனுள்ளது. முதலில் எடுப்பவர் எந்தச் சேவை வேண்டும் என்று கேட்டு இணைப்பை மாற்றிவிடுவார், அந்த இடைவெளியில் தொடர்பைத் துண்டித்துவிடக் கூடாது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஆனால் பயிற்சியில் வந்த முகவரி ஒரு தரைவீட்டுடையது. வந்திருந்தவர்களில் பலரும் கொண்டோவிலும் அடுக்குமாடியிலும் குடியிருப்பவர்கள். காவலாளிக்கு முன்கூட்டியே சொல்வது, அட்டை தட்டினால்தான் நகரும் லிப்டைப் பிடித்துவைக்க ஆள் அனுப்புவது, எந்த புளோக் என்பதை மறக்காமல் சொல்வது பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கும் மழுப்பலான பதிலே கிடைத்தது. பாடம் முழுக்கத் தமிழில் நடந்தும், குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கக் கொடுத்த அட்டை மலாயில் மட்டுமே இருந்தது ஏனென்று புரியவில்லை.

கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதால் கார் தேவையில்லை. கட்டணமும் நியாயமானதே. பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்ற விதியை மட்டும் அமைப்பாளர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெற்றோர் வேலைக்குப் போன பிறகு தாத்தா பாட்டியோடு வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.