உருகி ஒட்டும் நூல்: தையல் கடை அனுபவம்

அயர்ன் சூட்டில் உருகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும் நைலான் நூலைத் தக்கலையில் என் தையல் கடையில் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பேண்ட் அடிமடிப்புக்கும், துணியில் பூ மாதிரி வெட்டிய துண்டுகளை வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலைக்கும்தான் அதிகம்.

சாதாரண நைலான் 6 உருக சுமார் 220 டிகிரி வேண்டும். பாலியஸ்டருக்கு 260 பக்கம். இந்த உருகும் நூலோ பல வகை நைலான்களைக் கலந்து செய்வது. என்னிடம் உள்ள ரகம் 85 டிகிரியிலேயே இளகிவிடும். அதனால் துணி தப்பிக்கிறது, நூல் மட்டும் உருகுகிறது.

மேலே ஊசியில் வழக்கமான நூல், கீழ்நூல் சுற்றும் பாபினில் மட்டும் இது. இதை ஊசியில் கோர்த்து வேகமாக ஓட்டினால் ஊசிச் சூட்டிலேயே இளகி அறும். துணியின் நல்ல பக்கத்தை மேலே வைத்து விளிம்பில் ஒரு வரி ஓட்டுங்கள். உருகும் நூல் உள்பக்கம் வரும், மடித்ததும் அதுதான் துணியைத் தொடும். அப்புறம் ஈரத்துணி போட்டு, அயர்ன் டயலில் இரண்டு புள்ளிச் சூட்டில், அதாவது 150 டிகிரி அளவில், அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் மடிப்பு நகர்ந்துவிடும். ஆறும்வரை கையே வைக்கக் கூடாது. சூட்டோடு பிரித்துப் பார்த்துவிட்டு ‘ஒட்டவே இல்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

ஓண நேரத்தில் முண்டும் நேரியதும் (கேரளப் பெண்கள் உடுத்தும் வேட்டியும் மேல்துணியும்) கொண்டுவந்து அப்ளிக் பூ கேட்பார்கள். அதற்கு அருமையான நூல் இது. பூவை முதலில் ஒட்டிவிட்டால் குண்டூசி வேண்டாம், தைக்கும்போது நழுவாது. கசவு என்கிற கரை பிளாஸ்டிக் ஜரிகை என்றால் மட்டும் சூட்டில் சுருளும். ஓரத்தில் சோதித்துவிட்டே அயர்ன் பெட்டியை வைப்பேன்.

பெரிய குறை, ஒட்டிய சூடே பிரித்தும் விடும். நம் பக்கத்துத் தேய்ப்புக்காரர் பலரிடம் இன்னும் சிரட்டைக் கரிப் பெட்டிதான். அதில் ஏது புள்ளி, ஏது டயல்? பள்ளிச் சீருடைப் பேண்ட்கள் மடிப்பு தொங்கித் திரும்பி வந்திருக்கின்றன. இப்போது சீருடைக்கு இந்த ஒட்டை நம்பிவிடுவதில்லை, மேலே கைத்தையலும் உண்டு. வெள்ளைத் துணியைக் கொதிக்கவைத்துத் துவைக்கும் வீடுகளுக்கு இந்த நூலே போடுவதில்லை.

வாங்கும்போது கோனில் உருகும் வெப்பநிலை அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாத கோனும் விற்கிறார்கள். சரி, வாங்கிவிட்டீர்கள் என்றால், இரண்டு கந்தல் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் நூலை வைத்து ஒரு புள்ளிச் சூட்டில் அழுத்தி, ஆறவிட்டு இழுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் இரண்டு புள்ளிக்குப் போகலாம்.