மாமியார் இடக்காதில், மருமகள் வலக்காதில்

பார்வை மங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எழுதும் நாடகங்களைக் காதால்தான் திருத்துகிறேன். பாத்திரங்கள் எல்லாரும் நெற்றிக்கு நடுவே நின்று பேசினால் யார் பேச்சு என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும். அதனால், ஸ்டைல்ஷீட்டில் (உரை எப்படித் தோன்ற, ஒலிக்க வேண்டும் என்று எழுதும் குறிப்பில்) குறித்த திசையிலிருந்து குரல் தரும் வாசிப்புச் செயலி ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினேன். மூன்று மாதம் ஆகிறது.

குரலின் திசையைக் குறிக்கும் ‘வாய்ஸ்-பேலன்ஸ்’ என்பதில் -100 முழு இடம், 100 முழு வலம். மாமியாருக்கு -70, மருமகளுக்கு 70 என்று மகன் எழுதிக் கொடுத்தான். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் பஸ் ஏறி ஹெட்போனை மாட்டினேன். “சாம்பாரில் உப்பே இல்லை” என்று இடக்காதில் குற்றச்சாட்டு. “நீங்கள்தானே போட்டீர்கள், அத்தை” என்ற பதிலும் இடக்காதிலேயே வந்தது! மருமகளின் வசனத்தை மாமியார் பெயரில் எழுதியிருக்கிறேன். முன்பு மூன்று முறை கேட்டும் சிக்காத பிழை, தோ பாயோ வருவதற்குள் சிக்கியது. மருமகள் கடிதம் வாசிக்கும் இடத்தில் ‘லெஃப்ட்வர்ட்ஸ்’ என்று போட்டால் போதும். அவள் குரல் 70இலிருந்து 50க்கு நகரும். வாசிப்பது கடிதம் என்று காதே சொல்லிவிடுகிறது.

குறைகளும் உண்டு. திசை மாறும் நொடியில் முதல் எழுத்தை விழுங்குகிறது. “வராதே” என்பது “ராதே” ஆகிவிடுகிறது. தமிழில் இது பொறுக்க முடியாத பிழை.

பெரிய மனக்குறை வேறு. ஸ்டைல்ஷீட் எழுதும் மொழிக்கு 1998இல் வந்த சிஎஸ்எஸ்2 விதிகளில், குரல் வரும் திசையைப் பாகையில் சொல்லும் ‘அசிமத்’ இருந்தது: எதிரே 0 பாகை, வலம் 90, முதுகுக்குப் பின் 180, இடம் 270. ‘எலிவேஷன்’ குரலை மேலும் கீழும் வைக்கும். கேட்பவரைச் சுற்றி ஒரு கூடத்தையே எழுப்பலாம். பின்வந்த பேச்சு விதிகளில் இடமும் வலமும்தான் எஞ்சின. செயலி அதைத்தான் பின்பற்றுகிறது, அதில் தவறில்லை. ஆனால் என் நாடகத்தில் இறந்துபோன தாத்தா பின்னாலிருந்து பேசுவார். அவருக்கு ‘அசிமத்’ 180 என்று எழுதியதைச் செயலி எச்சரிக்கை ஒன்றும் தராமல் புறக்கணித்து, அவரை நடுவில் நிறுத்திவிட்டது. செயலி நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டும் உருப்படியான பதில் இல்லை.

இருந்தாலும் சந்தாவைப் புதுப்பிப்பேன். தாத்தாவின் வசனங்களை மட்டும் மகன் வாசிக்கிறான், என் நாற்காலிக்குப் பின்னால் நின்று.