லீவ் ஆப்புல வத்தானியா கேம்ப் போடலாமா? பினாங்குலேர்ந்து ஒரு ரிவியூ

அஞ்சுக்கு மூணு ஸ்டார். ஆப்பு பேர் வேணாம், அமெரிக்காக்காரன் செஞ்ச ஹெச்ஆர் ஆப்பு, பாயான் லெப்பாஸ்ல எங்க பேக்டரில இப்ப லீவ் எல்லாம் இதுலதான் போடறோம். ஏஎல்னு சொல்ற வருஷ லீவ், எம்சின்னு சொல்ற மெடிக்கல் லீவ் ரெண்டுக்கும் நல்லாவே இருக்கு, சூப்பர்வைசர் போன்லயே அப்ரூவ் பண்ணிடறாரு, அதுல பேச ஒண்ணுமில்ல. நான் எழுத வந்தது மிலிட்டரி லீவ் பத்தி. எங்க லைன்ல அஸ்கார் வத்தானியா, அதான் மலேசியா ராணுவத்தோட தன்னார்வப் படை, அதுல இருக்கிற பசங்க இருக்காங்க, வருஷ கேம்ப்புக்கு கூப்பிட்டு சுராட் (கடிதம்) வந்துச்சுன்னா ஹெச்ஆர்ல உக்காந்திருக்கிற எங்கிட்டதான் வந்து நிப்பாங்க.

பழைய ஆப்புல இதுக்குன்னு ஒரு இடமே கிடையாது, ஏஎல்ல கழிச்சிடும். நம்ம மலேசியா எம்ப்ளாய்மென்ட் ஆக்ட்படி ஏஎல், வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகாதவனுக்கு 8 நாள், அஞ்சு வருஷம் வரைக்கும் 12, அதுக்கு மேல 16. ரெண்டு வாரம் கேம்ப்பு போயிட்டு வந்தா தீபாவளிக்கு என்ன மிச்சம் சொல்லுங்க, அன்பெய்ட்தான். இதுல மிலிட்டரி லீவ் தனியா இருக்கு, ஏஎல் பேலன்ஸ தொடவே தொடாது. அதுக்கே ஒரு ஸ்டார் கொடுத்துட்டேன்.

ஆனா அந்த பட்டனுக்குப் பின்னாடி இருக்கிறது பூரா 1994ல வந்த அமெரிக்கா சட்டம், யூசெர்ரான்னு சொல்வாங்க. அங்க கம்பெனி சின்னதோ பெருசோ, ரிசர்வ் ட்ரெய்னிங்னா விட்டே ஆகணும், திரும்பி வந்தா வேலை இருக்கணும், அவனா கேட்டாலொழிய ஏஎல்ல கை வைக்கக் கூடாது. நம்ம ஆக்ட்ல பிரசவத்துக்கு 98 நாள் இருக்கு, 2023லேர்ந்து அப்பாமாருக்கு 7 நாள் கூட வந்துடுச்சு, வத்தானியா கேம்ப்புக்குன்னு லீவ் கிடையாது. அரசாங்க வேலைன்னா தன்னார்வப் படை பயிற்சிக்கு தனி லீவ் உண்டு, ப்ரைவேட்ல கம்பெனி பாலிசில எழுதி வச்சாதான் உண்டு. இது தெரியாம ஒரு தம்பி "எனக்கு ரைட்ஸ் இருக்கு மேடம்"னு சண்டைக்கு வந்துட்டான், அவன எப்படி குத்தம் சொல்றது, ஸ்க்ரீன்ல 'ஜாப் ப்ரொடெக்டட்'னு பச்சைக் கலர்ல போட்டு வச்சிருக்கானுங்களே! எடுங்கடான்னு சப்போர்ட்டுக்கு எழுதினா, அது டெம்ப்ளேட்ல வருதுன்னு பதில். சிங்கப்பூர் ப்ராஞ்ச்ல இதே ஆப்பு பிரச்சனையே இல்லாம ஓடுது, ஏன்னா அங்க கட்டாய ராணுவ சேவைக்குன்னு என்லிஸ்ட்மென்ட் ஆக்ட் இருக்கு, வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் கூப்பிடுவாங்க, சம்பளத்த மிண்டெஃப் (அங்க பாதுகாப்பு அமைச்சு) ஈடு கட்டிடும். நம்ம ஊருக்கு யாரும் உக்காந்து செட் பண்ணல, அவ்வளவுதான்.

அந்த அமெரிக்கா டெம்ப்ளேட்லயே ஒண்ணு எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. கேம்ப்பு முடிஞ்சு வீடு வந்து சேந்ததுக்கப்புறம் எட்டு மணி நேரம் ரெஸ்ட், அதுக்குள்ள ஷிப்ட் போட்டா ரோஸ்டர் சிவப்பா மாறிடும். இதுவும் அந்த சட்டத்துலேர்ந்து வந்ததுதான். முன்னாடி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேக்கோட பஸ்ல இறங்கறவனுக்கு அன்னைக்கு நைட்டே பன்னெண்டு மணி நேர ஷிப்ட் விழும், கண்ணு சொருக சொருக மெஷின் முன்னாடி நிப்பான். இப்ப அது இல்ல.

இன்னொரு தலைவலி அப்லோட். சுராட் இல்லாம சப்மிட் ஆகாது, பிடிஎஃப் மட்டும்தான் எடுக்கும், பசங்க வாட்சப்ல அனுப்பற போட்டோவ நான்தான் மாத்தி மாத்தி ஏத்தறேன். அந்த அமெரிக்கா சட்டத்துலயே வாயால சொன்னாக்கூட நோட்டீஸ்தான், இவன் ஆப்பு அதுக்கு மேல கேக்குது பாருங்க.

வாங்கப் போற ஹெச்ஆர்காரங்க முதல்ல பாலிசிய எழுதி பாஸ்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க, சம்பளம் உண்டா, திரும்பி வந்தா அதே லைனா, ரெண்டும் அதுல இருக்கணும், அப்புறமா பட்டன ஆன் பண்ணுங்க. டெமோக்கு வர்ற சேல்ஸ் ஆள வத்தானியா லீவ் ஒண்ணு உங்க கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டச் சொல்லுங்க. விலை ஆளுக்கு இவ்வளவுன்னு மாசக் கணக்கு, கேம்ப்புல இருக்கிறவன் தலைக்கும் சேத்துதான் பில் வரும்.