செசமி ஸ்ட்ரீட்டா, மிஸ்டர் ராஜர்ஸா?

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1968-ல் ‘மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்’ வந்தது. அடுத்த ஆண்டே ‘செசமி ஸ்ட்ரீட்’. இரண்டும் சின்னக் குழந்தைகளுக்குத்தான், ஆனால் நடை நேரெதிர்.

செசமி ஸ்ட்ரீட் விளம்பரப் படங்களின் உத்தியைக் கையில் எடுத்தது. குட்டிக் குட்டிக் காட்சிகள், பாட்டு, பொம்மைகள், திரும்பத் திரும்ப எழுத்தும் எண்ணும். பலனும் கிடைத்தது: ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த ஊர்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் இருந்தது அதிகம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டார்கள்.

‘நெய்பர்ஹுட்’டை நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸுக்கு அவசரமே கிடையாது. உள்ளே வருவார், ஸ்வெட்டரை மாட்டுவார், ஷூவை மாற்றுவார். 1970-ல் ஒரு நாள் தொட்டியில் மீன் செத்துக் கிடக்கிறது. உப்புத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார், பிழைக்கவில்லை. தோட்டத்தில் புதைத்துவிட்டு, சிறுவயதில் தன் நாய் இறந்தபோது அழுததைச் சொல்கிறார். அந்த நிதானத்திலேயே குழந்தைக்குத் துக்கம் புரிந்துவிடுகிறது.

செசமி ஸ்ட்ரீட்டும் மரணத்தைத் தொட்டது. கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் இறந்தபின், 1983-ல், ஹூப்பருக்காக வரைந்த படத்தோடு பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைப் பொம்மை காத்திருக்க, ‘அவர் இனி வரமாட்டார்’ என்று பெரியவர்கள் சொல்லும் காட்சி மனதைப் பிசையும்.

எழுத்து பழக வேண்டுமா, செசமி ஸ்ட்ரீட். ஆனால் கோபமோ பயமோ சொல்லத் தெரியாமல் தவிக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு நான் ராஜர்ஸைத்தான் போட்டுக் காட்டுவேன், பக்கத்தில் உட்கார்ந்து.