முதல் நகல்: வான்கோவின் இரவா, ஹொகுசாயின் அலையா?

பிடித்த ஓவியத்தைப் பார்த்து வரைய ஆசைப்படுகிறவர்கள் பலர் டச்சு ஓவியர் வான்கோவின் இரவு வானம், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலை என்ற இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். டீ-ஷர்ட், காபி கோப்பை என எங்கும் பார்த்துப் பழகியவை. இரண்டையும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வான்கோ 1889-இல் வரைந்த 'விண்மீன்கள் நிறைந்த இரவு' பார்க்க எளிதாகத் தெரியும். சுழி கொஞ்சம் விலகினாலும் வானம் கெட்டுப்போகாது. சிக்கல் வண்ணத்தின் கனத்தில் இருக்கிறது. அவர் எண்ணெய் வண்ணத்தைத் தடிமனாக அப்பியிருக்கிறார். அக்ரிலிக் காயும்போது சுருங்கித் தட்டையாகிவிடும். வண்ணத்தைக் கெட்டியாக்கும் ஜெல் மீடியம் கலந்தால்தான் தூரிகைத் தடம் நிற்கும். செலவும் கூடும்.

ஹொகுசாயின் அலை வேறு மாதிரி. 1831 வாக்கில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டது; ஏறத்தாழ 25 × 37 செ.மீ.தான். ஏ3 தாளில் அசல் அளவிலேயே வரைந்துவிடலாம். பிரஷ்யன் நீலம், வெள்ளை, மங்கல் மஞ்சள், கொஞ்சம் சாம்பல் போதும். ஆனால் இங்கே கோடுதான் எல்லாம். நகம் போல வளைந்த நுரையின் ஒவ்வொரு நுனியையும் கட்டம் போட்டுப் பென்சிலில் பிடிக்க எனக்கு ஒரு முழு மாலை ஆனது. பின்னால் இருக்கும் ஃபூஜி மலையும் ஒரு சின்ன அலை போலவே இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். எத்தனை வருடம் பார்த்த படம்!

என் தேர்வு அலைதான். வான்கோவே 1887-இல் இன்னொரு ஜப்பானிய ஓவியரான ஹிரோஷிகேயின் அச்சுப்படங்களை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்திருக்கிறார். அவருடைய இரவு வானத்தை அப்புறம் பெரிய கேன்வாஸில் எடுத்துக்கொள்ளுங்கள்.